அஸருக்குப் பின் மலர், மஃரிபுக்குப் பின் விளக்கு



பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்களில் ஒரு பேச்சு எழும். "பிள்ளைகளை எங்காவது அழைத்துப் போய் வரலாமா?" செஞ்சி வட்டாரத்தில் வாழும் எங்களுக்கு அந்த 'எங்காவது' பெரும்பாலும் பெங்களூரும் மைசூருமாகவே முடிகிறது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலை சிங்கவரத்துக்கு அருகிலேயே ஓடுகிறது. சுபுஹு தொழுதுவிட்டு வேன் ஏறினால் பகலிலேயே லால்பாக் பூங்காவில் இறங்கலாம். மறுநாள் மைசூர். மாலையில் கிருஷ்ணராஜசாகர் அணையின் அடியிலுள்ள பிருந்தாவனத் தோட்டம். வீடு திரும்பும்போது பை நிறையச் சாமானும் கைப்பேசி நிறையப் படங்களும் கூடவே வருகின்றன.

அவ்வாறு புறப்படவிருந்த மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஹஸ்ரத், பிருந்தாவனத்தில் மஃரிபு நேரத்தை ஒட்டித்தான் விளக்குப் போடுகிறார்களாம். தொழப் போனால் நல்ல படம் போய்விடும். படத்துக்கு நின்றால் தொழுகை போய்விடும் என்கிறார்களே, என்ன செய்வது?"

கேள்வி சிறியதுதான். ஆனால் இக்கேள்வியில் சிக்கி, இன்பமாகத் தொடங்கிய பயணம் மனத்தாங்கலில் முடிந்த குடும்பங்கள் உண்டு. பெரியவர் தொழ இடம் தேடுவார். இளையவர், "ஊருக்குப் போய் களாச் செய்துகொள்ளலாம்" என்பார். இருவருக்கும் நடுவில் அந்த வீட்டுத் தாய் தவிப்பாள். ஒளியின் இயல்பைச் சற்று அறிந்துகொண்டால் இந்தப் பிணக்கிற்கே இடமில்லை என்பதை எடுத்துக் காட்டுவதே இம்மாதக் கட்டுரையின் நோக்கமாகும்.

இரு தோட்டங்களின் வரலாறு

முதலில், நாம் காணச் செல்லும் இடங்களைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். 1780ஆம் ஆண்டு நம் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றிய ஹைதர் அலிதான், அதற்கு இருபது ஆண்டுகள் முன்னதாக, 1760ஆம் ஆண்டு பெங்களூரில் லால்பாக் தோட்டத்தைத் தொடங்கியவர். கோட்டைகளைப் பிடிப்பதிலேயே காலமெல்லாம் கழித்தவர் என்று நாம் எண்ணும் ஒருவர், டெல்லி, லாகூர், முல்தான் முதலிய ஊர்களிலிருந்து செடிகளை வரவழைத்து நட்டார். அவருடைய மைந்தர் திப்பு சுல்தான் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் விதைகளையும் கன்றுகளையும் தருவித்து அத்தோட்டத்தை விரிவாக்கினார். மன்னர்களின் உலாவிடமாக இருந்த அது, 1856இல் அரசுத் தாவரவியல் தோட்டமாயிற்று. இன்று ஏறத்தாழ 240 ஏக்கர் பரப்பில், ஏழை எளியவர் யாவரும் கால் வைக்கும் பொதுச் சொத்தாக அது விளங்குகிறது. ஆண்டுதோறும் குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி, 1889இல் அடிக்கல் நாட்டப்பெற்ற கண்ணாடி மாளிகையில் அங்கே மலர்க் கண்காட்சி நடைபெறுகிறது.

பிருந்தாவனத் தோட்டத்தை உருவாக்கியவர் மைசூர் சமஸ்தானத்தின் திவானாக 1926 முதல் 1941 வரை பணியாற்றிய சர் மிர்சா இஸ்மாயில் அவர்கள். பாரசீகத்தின் ஷீராஸிலிருந்து குதிரை வணிகத்துக்காக வந்து பெங்களூரில் குடியமர்ந்த ஒருவரின் பேரர் அவர். மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் இளமைக்காலக் கல்வித் தோழர். இந்து மன்னரும் முஸ்லிம் திவானும் ஒருவரையொருவர் நம்பி ஆட்சி நடத்திய அக்காலத்தின் நினைவுச் சின்னமாக இத்தோட்டத்தைக் கொள்ளலாம். 1927இல் பணி தொடங்கி 1932இல் நிறைவுற்றது. காஷ்மீரின் ஷாலிமார் தோட்டத்தைப் பின்பற்றிப் படிப்படியாக இறங்கும் அடுக்குகளும், நடுவே ஓடும் நீரும், நீரூற்றுகளும் அமைக்கப்பட்டன.

அந்த ஷாலிமார் தோட்டத்தில் ஓர் அமைப்பு உண்டு. நீர் வீழும் இடத்துக்குப் பின்னே உள்ள சுவரில் வரிசை வரிசையாகச் சிறு மாடங்கள் இருக்கும். பகலில் அம்மாடங்களில் மலர்க் குவளைகளை வைப்பார்கள். இரவில் விளக்குகளை ஏற்றி வைப்பார்கள். நம் பழைய வீடுகளின் சுவரில் விளக்கு மாடம் இருந்ததே, அதைப் போன்றதுதான். பகலில் மலர், இரவில் விளக்கு என்ற அந்த ஏற்பாட்டைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் படமெடுக்கும் முறைக்கும் அதுவே வழி காட்டப் போகிறது.

விளக்குகளைப் பற்றியும் ஒரு செய்தி. காவிரி நீரின் விசையால் சிவசமுத்திரத்தில் 1902இல் மின்சாரம் எடுக்கப்பட்டுக் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டது. 1905இல் பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது. அந்த மின் நிலையத்துக்கு ஆண்டு முழுவதும் தடையின்றி நீர் கிடைக்க வேண்டும் என்பதும் கிருஷ்ணராஜசாகர் அணையைக் கட்டியதன் நோக்கங்களுள் ஒன்று. ஆகவே அத்தோட்டத்தின் மலருக்கு நீரூட்டும் காவிரிக்கு, மைசூர்ச் சீமையில் மின்விளக்கு எரிந்த வரலாற்றிலும் பங்குண்டு. பிறகு அந்த ஆறுதான் மேட்டூரில் தங்கித் தஞ்சைக்கு வருகிறது.

இருட்டறையில் பிறந்த கருவி

கேமரா என்னும் சொல் இலத்தீனில் அறையைக் குறிப்பது. அது அரபுச் சொல்லிலிருந்து வந்ததென்று சிலர் எழுதுவது சரியன்று. ஆயினும் அக்கருவியின் அடிப்படையை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் நம் அறிஞர்தாம். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூலை இயற்றினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் நாம் காண்கிறோம் என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதாலேயே காட்சி உண்டாகிறது என்று நிறுவினார். இருட்டறையின் சிறு துளை வழியே ஒளியைச் செலுத்திச் சோதனைகள் செய்தார். சூரிய கிரகணத்தின்போது அத்துளை வழியே விழும் பிறை வடிவத்தையும் ஆராய்ந்தார். 2015ஆம் ஆண்டை உலக நாடுகள் ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது யுனெஸ்கோ நிறுவனம் அவரைச் சிறப்பாக நினைவுகூர்ந்தது.

நம் கையிலுள்ள கைப்பேசியின் கண்ணும் அத்தகைய இருட்டறைதான். ஒளி போதிய அளவு வந்தால் படம் தெளியும். ஒளி குறைந்தால் நடுங்கும். ஒளி மிகுந்தால் வெளிறும். ஒளியின் நேரம் அறிந்தவரே நல்ல படம் எடுப்பார். ஒளியின் நேரத்தை அன்றாடம் ஐந்து முறை கணக்கிடும் சமுதாயம் நாம்.

அஸருக்குப் பின் மலர்

நண்பகல் வெயிலில் மலரைப் படமெடுக்க வேண்டாம். உச்சி வெயில் இதழ்களின் நிறத்தை வெளுக்கச் செய்யும். இதழுக்குக் கீழே கரிய நிழல் விழும். நிழல் நீளத் தொடங்கிய பிறகே வெயில் பதமாகிறது. நண்பகல் நிழலை நீக்கிப் பார்த்தால், ஒரு பொருளின் நிழல் அப்பொருளின் அளவை எட்டும்போது ஷாஃபி மத்ஹபின்படி அஸர் தொடங்குகிறது. ஹனஃபி மத்ஹபில் அது இரு மடங்காகும்போது தொடங்குகிறது. நம் ஃபிக்ஹு நூல்கள் தொழுகைக்குச் சொன்ன அந்த அளவே, சாய்வான நல்லொளி தொடங்கும் அளவாகவும் இருக்கிறது. ஆகவே அஸரைத் தொழுதுவிட்டுத் தோட்டத்துக்குள் நுழையுங்கள். பயணிகளுக்கு அது இரண்டு ரக்அத்துதானே!

அந்த நேரத்தில் மலரின் உயரத்துக்குக் குனிந்து, அல்லது முழந்தாளிட்டு, ஒரே ஒரு பூவைப் பாருங்கள். நின்ற நிலையில் மேலிருந்து எடுத்த நூறு பூக்களின் படத்தை வீட்டில் எவரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. டேலியாவின் அடுக்கிதழோ, ரோஜாவின் மேல் நின்ற நீர்த்துளியோ தனித்துத் தெரியும் படத்தைக் குழந்தைகள் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். பின்னால் நிழலான இடம் அமைந்தால் பூ எடுப்பாகத் தெரியும். லால்பாக்கின் கண்ணாடி மாளிகையில் ஒளி கூரை வழியே பரவி வருவதால் பகலிலும் கடுமை இராது. மேகம் மூடிய நாள் கிடைத்தால் வருந்த வேண்டாம். மலருக்கு அதைவிட நல்ல ஒளி இல்லை.

விளக்குப் போட்ட பிறகு பூவை எடுத்தால் என்ன? எடுக்கலாம், ஆனால் அது பூவின் நிறமாக இராது. சிவந்த பூ பச்சை விளக்கின் கீழே கறுத்துத் தெரியும். பச்சை இலை சிவப்பு விளக்கின் கீழே கறுத்துப்போகும். இதழுக்கு உரிய நிறத்து ஒளி அங்கே இல்லாததே காரணம். பூவின் நிறம் பகலவனின் ஒளியில்தான் முழுமையாக வெளிப்படும். அதனால்தான் ஷாலிமாரின் மாடங்களில் பகலில் மலரையும் இரவில் விளக்கையும் வைத்தார்கள் போலும்.

பூப்பாத்திக்குள் கால் வைத்துப் படமெடுப்பவர்களுக்கு ஒரு சொல். கண்காட்சியில் நாம் காணும் ஒவ்வொரு தொட்டியும் மாதக்கணக்கில் விதைத்து, நாற்றெடுத்து, நீரூற்றி வளர்த்தது. குறித்த நாளில் பூக்க வேண்டும் என்பதற்காகத் தோட்டக்காரர்கள் நாளெண்ணி உழைக்கிறார்கள். லால்பாக்கில் தமிழ் வழிவந்த திகளர் சமூகத்தாரின் உழைப்பு தலைமுறைகளாகக் கலந்திருக்கிறது. ஒரு படத்துக்காக நாம் மிதித்த செடியை, நமக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் குழந்தை காண முடியாது. பொதுத் தோட்டத்தின் பூ எல்லோருக்கும் உரிய அமானிதம்.

மஃரிபுக்குப் பின் விளக்கு

இப்போது அம்மாணவரின் கேள்விக்கு வருவோம். விளக்குகளைப் படமெடுக்கச் சிறந்த நேரம் சூரியன் மறையும் கணம் அன்று. அப்போது வானம் இன்னும் வெளிச்சமாக இருக்கும். விளக்குகள் மங்கித் தோன்றும். முழு இருட்டும் சிறந்த நேரமன்று. அப்போது விளக்கு மட்டும் எரிவது போலவும், தோட்டமும் மரமும் வானமும் மறைந்துபோனது போலவும் படம் அமையும். இரண்டுக்கும் இடையே, வானம் ஆழ்ந்த நீலமாகி, அதன் ஒளியும் விளக்கின் ஒளியும் ஏறத்தாழச் சமமாக நிற்கும் சிறு பொழுது ஒன்று உண்டு. நம் நாட்டில் அது சூரியன் மறைந்து பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் கழிந்து தொடங்கும். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

மூன்று ரக்அத்து மஃரிபு தொழ ஐந்தாறு நிமிடங்கள் போதும். உளூவோடு இருப்பவர் நேரம் தொடங்கியதும் தொழுது, துஆச் செய்து எழுந்தால், வானம் அப்போதுதான் நீலம் பூணத் தொடங்கியிருக்கும். தொழுதவர் எதையும் இழக்கவில்லை. தொழாமல் நின்றவர் அந்தப் பத்து நிமிடங்களில் எடுத்த வெளிறிய படங்களைப் பிறகு அழித்துக்கொண்டிருப்பார்!

குளிர்நாடுகளில் அந்திப் பொழுது நீண்டு கிடக்கும். கோடையின் நடுவில் இலண்டனில் இரவெல்லாம் முழு இருட்டு வராமலே விடிவதுண்டு. நம் பகுதியில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி விரைவில் கடந்துவிடுகிறது. செம்மை நீங்கும்வரை மஃரிபின் நேரம் என்று ஷாஃபி மத்ஹபினரும், அதன்பின் வரும் வெண்மையும் நீங்கும்வரை என்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும் வகுத்தது அந்த வானத்தைக் கண்ணால் பார்த்துத்தான். படம் எடுப்பவரும் அந்தச் செம்மையும் நீலமும் கலந்த வானத்தையே பார்க்கிறார்.

சில நடைமுறைக் குறிப்புகள்:

1. கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். மைசூர்ப் பக்கம் டிசம்பர் இறுதியில் ஆறு மணியை ஒட்டியும், ஆகஸ்டு நடுவில் ஆறே முக்கால் மணியை ஒட்டியும் சூரியன் மறையும். அந்த ஊரின் தொழுகை நேர அட்டவணையைப் பாருங்கள். மலைக்குப் பின்னால் கதிர் மறைவது மஃரிபு ஆகாது. ஊருக்கு மேற்கே மலை நிற்கும் செஞ்சியில் இதை எல்லோரும் அறிவோம்.

2. பகலிலேயே தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, எங்கே நின்று எடுப்பது, எங்கே தொழுவது என்ற இரண்டையும் முடிவு செய்யுங்கள். பாதையை மறிக்காத மூலையில் ஒரு விரிப்புப் போதும். விளக்குகள் எரியும் நேரம் நாளுக்கு நாள் மாறக்கூடும், நுழைவாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

3. கைப்பேசியின் பளிச்சிடும் விளக்கை அணைத்து வையுங்கள். அதன் ஒளி சில அடி தூரமே செல்லும். தொலைவிலுள்ள நீரூற்றை அது எட்டாது. முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் வெளுக்கச் செய்யும்.

4. மங்கிய ஒளியில் கருவி நீண்ட நேரம் விழித்திருக்க வேண்டியிருக்கிறது. கை அசைந்தால் படம் கலங்கும். கைப்பிடிச் சுவரிலோ மரத்திலோ கையைச் சாய்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நொடி கழித்துத் தானே எடுக்கும் வசதியை வைத்தால் விரல் அழுத்தும் அசைவும் இராது.

5. திரையில் விளக்கின் மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். வெறும் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்த விளக்கு தன் நிறத்தைக் காட்டும்.

6. கூட்டம் இசை நீரூற்றின் பக்கம் திரளும்போது, காலியாகும் அடுக்குகளைப் பாருங்கள். தேங்கிய நீரில் விளக்குகளின் சாயல் விழுந்திருக்கும். அமைதியான படம் அங்கே கிடைக்கும்.

உருவம் பற்றிய கேள்வி

படமெடுப்பது பற்றி நம் வீடுகளில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. உருவம் வரைந்து பிழைத்துவந்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து கேட்டபோது, மரத்தையும் உயிரற்ற பொருளையும் வரைந்துகொள்ளுமாறு அவர்கள் வழிகாட்டிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. ஆகவே மலரையும் விளக்கையும் நீரையும் படமெடுப்பதில் கவலைக்கு இடமில்லை. மனிதரின் நிழற்படத்தைப் பொறுத்தவரை, அதனைக் கண்ணாடியில் தெரியும் சாயலைப் போன்றது என்று அனுமதிக்கும் ஆலிம்களும் இருக்கிறார்கள். தேவைக்கு மட்டும் என்று கட்டுப்படுத்துவோரும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டார் நம்பும் ஆலிமின் வழியில் நில்லுங்கள். இதற்காகப் பூங்காவின் நடுவில் தந்தையும் மகனும் குரல் உயர்த்த வேண்டாம்.

பிறர் முகம்

எந்தக் கருத்தினருக்கும் வேறுபாடு இருக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. அதுவே இன்று பெரிதும் மறக்கப்படுகிறது.

ஒரு தாய் தோட்டத்தின் மூலையில் அமர்ந்து முகத்திரையை விலக்கிக் கைக்குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருப்பாள். ஒதுக்குப்புறம் என்று நம்பி அமர்ந்தவள் அவள். நம் பிள்ளை நீரூற்றைத்தான் எடுக்கிறான். ஆனால் படத்தின் ஓரத்தில் அந்தத் தாயும் பதிந்துவிடுகிறாள். அன்றிரவே அது உறவினர் குழுவுக்கும், அங்கிருந்து வேறு குழுக்களுக்கும் போய்விடுகிறது. அந்தப் பெண்ணுக்குத் தன் முகம் எங்கெல்லாம் சுற்றுகிறது என்பதே தெரியாது. அவள் எம்மதத்தவளாயினும் அவளுடைய மானம் மானமே. நம் வீட்டுப் பெண் ஒருத்தியின் படம் இவ்வாறு போனால் நாம் பொறுப்போமா?

பிறர் வீட்டுக்குள் அனுமதியின்றி எட்டிப் பார்ப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்தார்கள். பொதுத் தோட்டத்துக்குச் சுவர் இல்லை என்பது உண்மைதான். சுவர் இல்லாத இடத்தில் நம் கண்ணின் கட்டுப்பாடே சுவராக நிற்க வேண்டும். கருவியைத் தூக்கிய பின், அழுத்துமுன், படத்தின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை பாருங்கள். ஆள் இருந்தால் சற்றுப் பொறுங்கள், அல்லது கருவியை உயர்த்தி விளக்கையும் வானத்தையும் மட்டும் எடுங்கள். தவறிப் பதிந்துவிட்டால் அங்கேயே அழித்துவிடுங்கள். யாரேனும் வந்து, "எங்களை எடுத்தீர்களா?" என்று கேட்டால் வாதாட வேண்டாம். திரையைக் காட்டி, அவர் கண்ணெதிரே நீக்குங்கள். அருகில் நிற்கும் தோட்டக்காரரை எடுக்க விரும்பினாலும் அவரிடம் கேட்டுவிட்டே எடுங்கள். இப்பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுக்காவிட்டால் வேறு யார் சொல்லிக் கொடுப்பார்?

நம் வீட்டுப் பெண்களிடமும் இவ்வாறே கேட்க வேண்டும். "இந்தப் படம் நம் வீட்டோடு இருக்கட்டுமா, அனுப்பலாமா?" என்று மகள் கேட்கப்படுவதே இல்லை. தாயோ, எல்லோருக்கும் சோறு கட்டி வந்து, எல்லோருடைய செருப்பையும் காவல் காத்துவிட்டு, எந்தப் படத்திலும் இல்லாமல் வீடு திரும்புகிறாள். அவள் விரும்பினால் அவளையும் அந்த ரோஜாப் பாத்தியின் அருகில் நிற்கச் சொல்லுங்கள். விரும்பாவிட்டால் அவளுக்குப் பிடித்த பூ எது என்று கேட்டு, அதை எடுத்துக் கொடுங்கள்.

எடுத்த படங்கள் இருநூறு ஆனாலும், அவற்றுள் பத்தைத் தேர்ந்து அச்சிட்டு, பின்புறம் ஊரும் தேதியும் எழுதி வையுங்கள். கைப்பேசி உடையும், தொலையும். காகிதத்தில் இருப்பது பேரப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும்.

ஒளியையும் நிழலையும் கணக்காக அமைத்த வல்ல நாயன், அவற்றின் நேரங்களை அறிந்து நடக்கவும், பிறருடைய மானத்தைத் தம் மானமாகப் பேணவும் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.